புது ஓஎஸ் போட்டதிலிருந்து லேப்டாப் பூட் ஆகவில்லை, அக்காவின் ஆய்வேடு உள்ளே மாட்டிக்கொண்டது

கரிசல்காடு | வெள்ளி, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் இருப்பது ஒரே ஒரு லேப்டாப். ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், 2018இல் அப்பா வாங்கிக் கொடுத்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 போடலாம் என்றால் இந்த பிராசஸரை அது ஏற்றுக்கொள்ளாது, அதனால் விண்டோஸை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஓஎஸ்ஸைப் போடலாம் என்று இன்று மாலை உட்கார்ந்தேன்.

ரூஃபஸ் என்ற செயலியை வைத்து மின்ட்டைப் பென்டிரைவில் எழுதினேன். எஃப்12 அழுத்தினால் பூட் மெனுவில் பென்டிரைவே வரவில்லை. ஒரு வீடியோவில் லெகசி சப்போர்ட் என்ற பழைய பூட் முறையை ஆன் செய்யச் சொன்னார்கள், செய்தேன், வந்துவிட்டது. சி டிரைவில் ஏற்கெனவே 150 ஜிபி குறைத்துக் காலியாக வைத்திருந்தேன், அதில் நிறுவினேன். எல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்று ஒரே ஒரு வரி. மின்ட்டும் வரவில்லை, விண்டோஸும் வரவில்லை.

அக்கா தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். விளாத்திகுளம் பக்கத்து ஊர்களில் மூன்று வருடமாக அலைந்து பதிவு செய்த ஒப்பாரியும் தாலாட்டும் இதில்தான் இருக்கின்றன. பாடிய பாட்டிகளில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. ஆய்வேட்டின் கடைசி இரண்டு இயல்களும் இதில்தான். வருகிற புதன்கிழமை நெறியாளரிடம் கொடுக்க வேண்டும். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

டவுனில் ஒரு கடையில் போனில் கேட்டேன், ஃபார்மட் பண்ணித்தான் ஆக வேண்டும், டேட்டா போய்விடும் என்றார்கள். என்ன செய்யட்டும்?


வைகைக்கரை | வெள்ளி, இரவு 11:05

எனக்கும் இதே மாதிரி ஆனது நண்பா. விண்டோஸ் பென்டிரைவ் போட்டு மொத்தமாக ஃபார்மட் செய்தேன், சரியாகிவிட்டது. டேட்டாவை ரெக்கவரி சாஃப்ட்வேர் வைத்து அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.


பழையபெட்டி | வெள்ளி, இரவு 11:21

வைகைக்கரை, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் இந்த யோசனையை யாரும் இப்போது செய்ய வேண்டாம். தம்பி கரிசல்காடு, எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள், மறுபடி இன்ஸ்டால் பட்டனையும் தொடாதீர்கள். நான் திண்டுக்கல்லில் பதினைந்து வருடமாக சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்ற வரியோடு வருகிற பத்து மெஷினில் எட்டில் டேட்டா அப்படியே இருக்கும். அந்த வரிக்கு அர்த்தம், எங்கிருந்து கிளம்புவது என்று லேப்டாப்புக்குத் தெரியவில்லை என்பது மட்டும்தான். உள்ளே இருப்பது அழிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. ஃபார்மட் செய்து, அதன்மேல் விண்டோஸையும் எழுதிவிட்டு அப்புறம் ரெக்கவரி என்று போனால்தான் உண்மையிலேயே போகும். ஃபைல் கிடைத்தாலும் பெயர் இருக்காது, பாதி ஆடியோ ஓடாது.

நான்கு கேள்வி. பதில் நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்.

இன்ஸ்டால் செய்யும்போது 'விண்டோஸோடு சேர்த்து' என்பதைத் தேர்ந்தெடுத்தீர்களா, 'வேறு ஏதாவது' என்று கடைசியில் இருப்பதையா? டிஸ்க்கின் பிரிவுகளைக் காட்டும் பார்ட்டிஷன் பட்டியலில் 100 எம்பி அளவில் ஒன்று இருந்ததா, அதைத் தொட்டீர்களா? கடைசியில் ஏதாவது பிழைச் செய்தி வந்ததா? பென்டிரைவில் கிளம்பியபோது முதல் திரை எப்படி இருந்தது, மின்ட் சின்னத்தோடு பத்து விநாடி கவுன்ட்டவுன் ஓடியதா, இல்லை கறுப்பில் வெறும் எழுத்து மெனுவா?


கரிசல்காடு | வெள்ளி, இரவு 11:48

அண்ணா, இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று நினைக்கவில்லை, ரொம்ப நன்றி.

'வேறு ஏதாவது' தான். விண்டோஸோடு சேர்த்துப் போடும் வாய்ப்பே எனக்குக் காட்டவில்லை. காலி இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபார்மட், மவுன்ட் பாயின்ட்டில் சாய்கோடு போட்டேன். மேலே 100 எம்பியில் ஒன்று, 16 எம்பியில் ஒன்று, அப்புறம் விண்டோஸ் இருக்கும் பெரிய என்டிஎஃப்எஸ், கடைசியில் 500 சொச்சம் எம்பியில் ஒன்று இருந்தன. அவற்றைத் தொடவே இல்லை, அதில் மட்டும் உறுதியாக இருந்தேன்.

பிழை வந்தது. முடியப்போகும் நேரத்தில் கிரப் என்ற பூட்லோடரை, அதாவது ஓஎஸ்ஸைக் கிளப்பும் நிரலை, நிறுவ முடியவில்லை, இது ஃபேட்டல் எரர் என்று ஒரு சின்னப் பெட்டி. பயந்துபோய் பூட்லோடர் இல்லாமல் தொடரலாம் என்பதைக் கொடுத்துவிட்டேன். முதல் திரையில் மின்ட் சின்னமும் கவுன்ட்டவுனும் இருந்தன, நன்றாக நினைவிருக்கிறது.


பழையபெட்டி | சனி, நள்ளிரவு 12:17

சரி, படம் முழுதாகக் கிடைத்துவிட்டது. தூங்கப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள், கொஞ்சம் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

ஒரு லேப்டாப் கிளம்ப இரண்டு முறை உண்டு. பழைய பயாஸ் முறையில், அதாவது லெகசியில், டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்து அங்கே இருக்கும் குட்டி நிரலை ஓட்டும், அந்த நிரல் மற்றதை அழைத்துவரும். யூஇஎஃப்ஐ முறையில் அப்படி இல்லை. டிஸ்க்கில் ஈஎஸ்பி என்று ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் இருக்கும், நீங்கள் பார்த்த அந்த 100 எம்பி அதுதான். அதற்குள் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர், விண்டோஸைக் கிளப்பும் ஃபைல் அங்கே. 'விண்டோஸ் பூட் மேனேஜர் என்றால் இந்த டிஸ்க்கில் இந்த ஃபைல்' என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கும்.

உங்கள் விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் போடப்பட்டது. 100 எம்பியும் 16 எம்பியும் அடுத்தடுத்து இருப்பதே அதற்கு அடையாளம், டிஸ்க் ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் இருக்கிறது. நீங்கள் லெகசிக்கு மாற்றியதும் பென்டிரைவ் லெகசியில் கிளம்பியது, மின்ட் இன்ஸ்டாலரும் தன்னை லெகசி மெஷினில் இருப்பதாக எடுத்துக்கொண்டு பழைய முறையில் கிரப்பை எழுதப் பார்த்தது. ஜிபிடி டிஸ்க்கில் அப்படி எழுத வேண்டுமானால் பயாஸ் பூட் என்று தனியாக 1 எம்பி பார்ட்டிஷன் வேண்டும். உங்களிடம் இல்லை. ஃபேட்டல் எரர் அதனால்தான். இப்போது லேப்டாப் லெகசி முறையில் முதல் 512 பைட்டைத் தேடுகிறது, அங்கே ஒன்றும் இல்லை. விண்டோஸின் ஃபைல்களோ ஈஎஸ்பியில் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் லெகசி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது.

அதனால் என் கணிப்பு: பயாஸ் அமைப்புத் திரையில் லெகசியை மாற்றிப் பழையபடி யூஇஎஃப்ஐ வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும்.

ஆனால் அதை இப்போது செய்யாதீர்கள். முதலில் அக்காவின் ஃபைல்கள். பென்டிரைவ் இப்போதுள்ள முறையிலேயே கிளம்பும் அல்லவா, அதிலேயே கிளப்பி, இன்ஸ்டால் ஐகானைத் தொடாமல், 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். கெட்டுப்போன இடங்களைக் காட்டும் ரீஅலோகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் இரண்டும் பூஜ்யமா என்று சொல்லுங்கள். ஏழு வருட டிஸ்க், அதனால் கேட்கிறேன். பூஜ்யம் என்றால் ஃபைல் மேனேஜரில் விண்டோஸ் டிரைவைத் திறந்து, யூசர்ஸ் ஃபோல்டரில் அக்காவுடையது எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கோ இன்னொரு பென்டிரைவுக்கோ காப்பி செய்யுங்கள். படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது என்று வந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் செய்தாலும் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், அதனால் லினக்ஸ் அதில் எழுத மறுக்கும். படித்துக் காப்பி எடுக்க அதுவே போதும்.


ஊசிநூல் | சனி, காலை 7:30

பழையபெட்டி சொன்னது அத்தனையும் சரி. பிற்பாடு இந்த இழையைப் படிக்க வருபவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன்: பயாஸில் எதையும் மாற்றுமுன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய லேப்டாப்களில் நாம் எதுவும் செய்யாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும், விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால் ஹோம் பதிப்பிலும் தானாகவே ஆன் ஆகிறது. கையொப்பமில்லாத பூட் நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட்டைத் தொட்டாலோ, டிஸ்க்கின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சிப்பை அழித்தாலோ அடுத்த முறை நீலத்திரையில் 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லையென்றால் யாராலும் திறக்க முடியாது, எந்தக் கடையாலும் முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உங்கள் டிவைஸ் பட்டியலுக்குள் அது சேமிக்கப்பட்டிருக்கும், முதலில் அதைத் தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

கரிசல்காடு, நிறுவாமலே மின்ட்டை ஓட்டும் லைவ் பென்டிரைவில் விண்டோஸ் டிரைவைத் திறக்கும்போது பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் ஃபைல்கள் தெரிந்தால் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை.


கரிசல்காடு | சனி, மதியம் 1:10

தெரிகிறது! எல்லாம் தெரிகிறது!

ஸ்மார்ட் விவரத்தில் இரண்டுமே பூஜ்யம். விண்டோஸ் டிரைவ் பாஸ்வேர்டு கேட்கவில்லை, படிக்க மட்டும் என்றுதான் திறந்தது. அக்காவின் ஃபோல்டர் மொத்தம் 31 ஜிபி, மாமாவிடம் வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து காப்பி போட்டேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எண்ணிப் பார்த்தேன், அங்கும் இங்கும் ஃபைல் எண்ணிக்கை ஒன்றுதான். மாமா வீட்டு கம்ப்யூட்டரில் போட்டு நான்கைந்து ஒலிப்பதிவைக் கேட்டும் பார்த்தாயிற்று. ஆய்வேட்டின் ஐந்தாம் இயல் திறக்கிறது, கடைசிப் பக்கம் வரை இருக்கிறது.

அப்புறம்தான் அக்காவிடம் சொன்னேன். கோபித்தாள், பின்னே கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு ஊரின் ஃபோல்டராகத் திறந்து பார்த்தாள். இப்போது பயாஸைத் தொடலாமா அண்ணா?


பழையபெட்டி | சனி, மதியம் 1:26

தொடலாம். பூட் மோடை யூஇஎஃப்ஐக்கு மாற்றுங்கள், லெகசி சப்போர்ட்டை அணையுங்கள். செக்யூர் பூட் முன்பு ஆனில் இருந்தால் ஆனிலேயே வையுங்கள். அங்கேயே 'ஃபாஸ்ட் பூட்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். உங்கள் பென்டிரைவ் முதலில் மெனுவில் வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம், ஃபாஸ்ட் பூட்டில் யூஎஸ்பியைத் தேடும் வேலையைப் பல மெஷின்கள் தாண்டிவிடும். இது விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இல்லை, இரண்டும் வேறு வேறு.

பூட் மெனுவுக்கு எந்த பட்டன் என்று நிறையப் பேர் கேட்பார்கள்: டெல், லெனோவோ, ஏசரில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்ய பயாஸில் ஒரு வரியை எனேபிள் செய்ய வேண்டியிருக்கும்.


கரிசல்காடு | சனி, மதியம் 1:44

விண்டோஸ் வந்துவிட்டது. டிஸ்க்கைச் சோதிக்கிறேன் என்று இரண்டு நிமிடம் ஓடியது, அப்புறம் அதே பழைய டெஸ்க்டாப். நேற்று இரவு முழுக்க இதை இனி பார்க்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விண்டோஸ் இருக்கிறது, மின்ட்டும் எங்கோ 150 ஜிபியில் படுத்திருக்கிறது. அதை எழுப்ப வழி உண்டா? இல்லை விட்டுவிடட்டுமா?


வைகைக்கரை | சனி, மதியம் 2:03

நேற்று நான் அவசரப்பட்டு ஃபார்மட் என்று சொன்னது தவறு, பழையபெட்டி தடுத்தது நல்லதாகப் போனது. என் லேப்டாப்பில் அப்போது இதே லெகசி விஷயம்தான் நடந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது, ஐந்து வருட போட்டோவை அதில் இழந்தேன்.

மின்ட்டுக்கு என் யோசனை: அதற்குள் உங்களுடையது எதுவும் இல்லையே, பென்டிரைவை யூஇஎஃப்ஐயில் கிளப்பி அதே எக்ஸ்ட்4 இடத்தின்மேல் திரும்ப நிறுவிவிடுங்கள். இருபது நிமிட வேலை, சுத்தமாக முடியும்.


ஊசிநூல் | சனி, மதியம் 2:20

திரும்ப நிறுவுவது தவறில்லை, ஆனால் அந்தத் திரையில் ஒரு அபாயம் இருக்கிறது. 'வேறு ஏதாவது' பக்கத்தில் ஈஎஸ்பிக்கு எதிரே ஃபார்மட் பெட்டியில் டிக் விழுந்துவிட்டால் விண்டோஸின் பூட் ஃபைல்கள் போய்விடும், மறுபடி முதலிலிருந்து. ஒரு முறை பயந்தவர் கையால் அந்தத் திரையை இன்னொரு முறை திறக்க வைக்க எனக்கு மனமில்லை. மின்ட்டின் லைவ் பென்டிரைவிலேயே பூட் ரிப்பேர் என்ற செயலி உள்ளது. அது புதிதாக எதையும் நிறுவாது, இருக்கிற மின்ட்டுக்குச் சரியான கிரப்பை ஈஎஸ்பியில் கொண்டுபோய் வைக்கும், அவ்வளவுதான்.

ஒரே நிபந்தனை, பென்டிரைவ் இந்த முறை யூஇஎஃப்ஐயில் கிளம்பியிருக்க வேண்டும். கறுப்பில் எழுத்து மெனு வந்தால் யூஇஎஃப்ஐ, மின்ட் சின்னமும் கவுன்ட்டவுனும் வந்தால் லெகசி. இன்னும் சந்தேகமானால் உள்ளே போய் ஃபைல் மேனேஜரில் மூல ஃபோல்டரில் சிஸ், அதற்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐதான். லெகசியில் கிளப்பி பூட் ரிப்பேரை ஓட்டினால் அதுவும் நேற்றைய இன்ஸ்டாலர் மாதிரியே பழைய முறையில் சரிசெய்யப் பார்க்கும்.


பழையபெட்டி | சனி, மதியம் 2:41

இரண்டுமே வேலை செய்யும். கடையில் நானாக இருந்தால் திரும்ப நிறுவுவேன், ஆனால் இது என் கை இல்லை, தம்பியின் கை, அதனால் ஊசிநூல் சொன்ன வழியே நல்லது. இன்டர்நெட் வேண்டும், பூட் ரிப்பேர் சில பேக்கேஜ்களை இறக்கும். வைஃபை பிடிக்காவிட்டால் போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் கொடுங்கள். நடுவில் சில கட்டளைகளைக் காட்டி டெர்மினலில் ஒட்டச் சொல்லலாம், காட்டியபடியே ஒட்டுங்கள், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

அதற்கு முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள்.


ஸ்கார்பரோகுளிர் | சனி, மாலை 4:15

கனடாவிலிருந்து எழுதுகிறேன். இதே கறுப்புத் திரை, ஆனால் வேறு காரணம், இங்கே எழுதி வைத்தால் யாருக்காவது உதவும். என்னுடையது 11ஆம் தலைமுறை இன்டெல் மடிக்கணினி. உபுண்டு இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டியே தெரியவில்லை. பயாஸில் விஎம்டி என்ற இன்டெல் டிஸ்க் முறையை அணைத்து, வழக்கமான ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினேன், இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரிந்தது, ஆனால் விண்டோஸ் 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று நீலமாக நின்றுவிட்டது. அன்றைக்கு என் மகளின் பள்ளிக்கூட வேலை எல்லாம் அதற்குள். கை நடுங்கிக்கொண்டுதான் மற்ற அமைப்புகளைத் தேடினேன்.

திரும்ப விஎம்டியை ஆன் பண்ணினதும் விண்டோஸ் வந்தது. காரணம் என்னவென்றால் விண்டோஸ் கிளம்பும்போது ஏஎச்சிஐக்கான டிரைவரை ஏற்றும் பழக்கம் அதற்கு அந்த நேரம் இல்லை. ஏஎச்சிஐக்கு மாற்ற முறை: பிட்லாக்கர் இருந்தால் முதலில் தற்காலிகமாக நிறுத்த வேணும், எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட்டைத் தெரிந்து ரீஸ்டார்ட் செய்து, நேரே பயாஸுக்குப் போய் ஏஎச்சிஐ ஆக்க வேணும். விண்டோஸ் சேஃப் மோடில் ஒருமுறை எழும்பி டிரைவரைப் பிடித்துக்கொள்ளும், பிறகு சேஃப் பூட்டை எடுத்துவிடலாம். பல ஏசர் கணினிகளில் பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால்தான் விஎம்டி என்ற வரியே கண்ணுக்குத் தெரியும்.


கரிசல்காடு | சனி, மாலை 6:38

பூட் ரிப்பேர் முடிந்தது, வெற்றி என்று காட்டியது. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் நேராக விண்டோஸுக்கே போகிறது. கிரப் மெனு வரவே இல்லை. பயாஸில் பூட் வரிசையில் பார்த்தேன், மின்ட் என்று எதுவும் இல்லை. விண்டோஸ் பூட் மேனேஜர், அடுத்து உபுண்டு என்று இருக்கிறது. நான் உபுண்டுவே போடவில்லையே?


ஊசிநூல் | சனி, மாலை 6:45

அந்த உபுண்டுதான் உங்கள் மின்ட்! மின்ட் 22 கட்டப்பட்டிருப்பது உபுண்டு 24.04இன் மேல், ஈஎஸ்பியில் தன் ஃபைல்களை உபுண்டு என்ற ஃபோல்டர் பெயரிலேயே வைக்கும். அதை வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே நகர்த்துங்கள்.


கரிசல்காடு | சனி, இரவு 7:02

வந்துவிட்டது அண்ணா. மெனுவில் மின்ட், கீழே விண்டோஸ் இரண்டும். இரண்டுக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டேன். 4 ஜிபி ரேமில் மின்ட் ஓடும் வேகத்தைப் பார்த்து அக்காவே இதிலேயே இனி தட்டுகிறேன் என்கிறாள்.


நெல்முளை | ஞாயிறு, காலை 9:12

இழையை முழுதாகப் படித்தேன். என் சிக்கல் கொஞ்சம் வேறு. இரண்டு ஓஎஸ்ஸும் ஒரு வருடமாக நன்றாக ஓடின. ஒருநாள் விண்டோஸ் அப்டேட் ஆனது, அதன்பின் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் ஷிம், எஸ்பாட், செக்யூரிட்டி பாலிசி வயலேஷன் என்று இரண்டு வரி காட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. அப்போதிலிருந்து விண்டோஸ் மட்டும்தான்.


ஊசிநூல் | ஞாயிறு, காலை 9:50

இது 2024 ஆகஸ்ட் 13 அப்டேட்டுக்குப் பின் உலகம் முழுக்கப் பலருக்கு வந்தது. செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போது லினக்ஸ் நேராகக் கிளம்புவதில்லை, மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஷிம் என்ற சின்ன நிரல் முதலில் வந்து கிரப்பைச் சரிபார்த்து அழைக்கும். பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பூட்லோடர்களை ஒதுக்க எஸ்பாட் என்று ஒரு பதிப்புப் பட்டியல் உண்டு. அந்த அப்டேட் அந்தப் பட்டியலை மதர்போர்டில் எழுதியது. இரண்டு ஓஎஸ் உள்ள மெஷின்களுக்கு அது போகாது என்று சொல்லப்பட்டிருந்தும் போய்விட்டது.

செய்ய வேண்டியது: பிட்லாக்கர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்து லினக்ஸுக்குள் போங்கள். டெர்மினலில் சூடோ, அடுத்து மோக்யூடில், அடுத்து இரண்டு கோடு போட்டு செட்-எஸ்பாட்-பாலிசி, கடைசியில் டிலீட் என்ற சொல். நான் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்து மறுபடி லினக்ஸுக்குள்ளேயே ஒருமுறை போய், அப்டேட் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள், புது ஷிம்மும் கிரப்பும் வந்துவிடும். அதன்பின் செக்யூர் பூட்டை ஆன் செய்யலாம்.


பழையபெட்டி | ஞாயிறு, காலை 10:08

நான் பெரும்பாலும் செக்யூர் பூட்டை அணைத்தே வைத்துவிடச் சொல்வேன். வீட்டு லேப்டாப், வாடிக்கையாளருக்குத் தேவை வேலை நடப்பது. என்விடியா டிரைவர், வைஃபை டிரைவர் என்று எதையாவது தனியாகப் போடும்போதெல்லாம் கையொப்பச் சிக்கல் வந்து நிற்கும்.


ஊசிநூல் | ஞாயிறு, காலை 10:31

இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஓஎஸ்ஸுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும் பூட்கிட் என்ற தீய நிரலை ஆன்டிவைரஸால் கண்டுபிடிப்பதே கடினம். வங்கிக் கணக்கும் பார்க்கும் லேப்டாப்பில் அந்தக் கதவைத் திறந்துவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிரைவர் போடும்போது ஒருமுறை பாஸ்வேர்டு கொடுத்து, ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் அதே பாஸ்வேர்டை அடித்தால் டிரைவரின் கையொப்பச் சாவி பதிவாகிவிடும். நிறையப் பேர் அந்த நீலத்திரையைப் பார்த்துப் பயந்து அப்படியே தாண்டிவிடுவதால்தான் டிரைவர் வேலை செய்வதில்லை.


கணக்குடீச்சர் | ஞாயிறு, மாலை 5:20

தமிழக அரசு 2011இல் விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது முதலில் வந்தவற்றில் விண்டோஸ் 7இன் ஸ்டார்ட்டர் பதிப்பும் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இரண்டும் சேர்ந்தே இருந்தன. என் மாணவர்கள் பலர் கிரப் மெனுவை முதலில் பார்த்தது அதில்தான். இடம் வேண்டும் என்று பிள்ளைகள் விண்டோஸிலிருந்தே லினக்ஸ் பார்ட்டிஷனை டிலீட் செய்துவிடுவார்கள், மறுநாள் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற சொல்லோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வருவார்கள். எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. அப்படி நின்றுபோன ஒன்று இன்னும் என் பீரோவில் இருக்கிறது, அந்தப் பிள்ளை வாங்கவே வரவில்லை. அதை இப்போது எழுப்ப முடியுமா?


பழையபெட்டி | ஞாயிறு, மாலை 5:47

முடியும் டீச்சர், டிஸ்க் நன்றாக இருந்தால். அவை லெகசி மெஷின்கள். கிரப்பின் முதல் துண்டு அந்த 512 பைட்டில் இருக்கும், மீதி லினக்ஸ் பார்ட்டிஷனில். பிள்ளை அழித்தது அந்த மீதியை. முதல் துண்டு எழுந்து மீதியைத் தேடிக் கிடைக்காமல் ரெஸ்க்யூ என்று நிற்கிறது. விண்டோஸ் 7 டிஸ்க்கில் கிளப்பி, ரிப்பேருக்குள் கமாண்ட் பிராம்ப்ட்டில் பூட்ரெக் என்று அடித்து, இடம் விட்டு சாய்கோடு, ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுங்கள், விண்டோஸ் வந்துவிடும். இத்தனை வருடம் சும்மா இருந்த பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள், உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். அந்தப் பிள்ளையின் ஃபைல்கள் உள்ளே இருக்கும்.


கரிசல்காடு | திங்கள், இரவு 8:05

இரண்டு சின்ன விஷயம். மின்ட்டிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. இன்னொன்று, அக்கா தமிழ்99 விசைப்பலகையில் தட்டுபவள், மின்ட்டில் அதை எப்படிக் கொண்டுவருவது?


ஊசிநூல் | திங்கள், இரவு 8:40

லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலக நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும், நம் ஊருக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை. மின்ட் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல், இடம் விட்டு செட்-லோக்கல்-ஆர்டிசி, இடம் விட்டு 1. தமிழுக்கு ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜைப் போட்டு, ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதற்குக் கீழே தமிழ்99ஐச் சேர்த்து, ஒருமுறை லாக் அவுட் செய்து வரச் சொல்லுங்கள்.


கரிசல்காடு | செவ்வாய், இரவு 9:30

இரண்டும் சரியாகிவிட்டது. இரண்டு ஓஎஸ்ஸிலும் மணி ஒன்றாகவே ஓடுகிறது. அக்கா ஆறாம் இயலின் பின்னிணைப்பில் பாட்டிகளின் பெயரையும் ஊரையும் தட்டிக்கொண்டிருக்கிறாள், நாளைக் காலை பிரின்ட்.